பெரியவருக்குத் தலை துவட்டியது

குதிரைக்குத் தலை துவட்டிவிட்ட மனிதன் இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒப்புக்குத் துடைத்தேன் என்று நினைக்க வேண்டாம். ஈரோட்டுத் துண்டால், காதுமடலுக்குள் விரல் விட்டு, உச்சந்தலையில் அழுத்தி, நீர் கோத்துக்கொள்ளக் கூடாதே என்கிற கவலையோடு, நியூ ஜெர்சியில் ஒரு ஜனவரிச் சாயங்காலம் அரை மணி நேரம் துவட்டினேன். குதிரை பொறுத்துக்கொண்டது. அதற்கு வயது இருபத்தாறு. என்னைப்போல் எத்தனை பேரைப் பார்த்திருக்கும்.

அதற்கு முன்பே செய்த ஒரு முட்டாள்தனம்தான் என்னை அந்த லாயத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து சாப்பிடும் தீபாவளிப் பொட்லக். அங்கே ஒரு டாக்டர் அக்கா வந்திருந்தார். பொள்ளாச்சிப் பக்கம். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். ஊருக்கு வெளியே அரை மணி நேர டிரைவில், வேலி போட்ட பெரிய புல்வெளியோடு ஒரு வீடு. அதில் அவரும் இரண்டு குதிரைகளும் மட்டும். ஆன்ட்டி என்று யாராவது கூப்பிட்டால் திரும்பியே பார்க்க மாட்டார், அக்கா என்றால்தான் ஆச்சு. தட்டில் புளியோதரையோடு அவரைச் சுற்றி நின்றவர்கள், ஏன் தனியாக இருக்கிறீர்கள் என்பதைப் பதினெட்டு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சை மாற்றி அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, நான் குதிரைகளோடு வளர்ந்தவன் என்று எடுத்துவிட்டேன்.

அது முழுப் பொய்யும் அல்ல. திண்டுக்கல்லில் ஐந்தாம் வகுப்பு வரை குதிரை வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனேன். ஆனால் பிள்ளைகளை வண்டியில் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரவைப்பார்கள். எனவே நான் பார்த்து வளர்ந்தது குதிரையை அல்ல, ரோட்டை.

ஜனவரியில் டாக்டர் அக்கா போன் செய்தார். ஆஸ்பத்திரி பார்க்கிங் லாட்டில் ஐஸில் வழுக்கிக் கணுக்கால் முறிந்துவிட்டது. காலையில் வந்து குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் குளிர்காலத்துக்கு ஃபுளோரிடா போய்விட்டான். "குதிரையோட வளந்தேன்னியே தம்பி, ஒரு ஆறு வாரம் வந்து போவியா?" என்றார்.

நான் அப்போது பெஞ்சில் இருந்தேன். என்னை அமெரிக்காவுக்கு வரவழைத்த கம்பெனியிடம் எனக்குக் கொடுக்க வேலை இல்லாத காலத்துக்கு அந்தப் பெயர். காலையில் குளித்து, ஷேவ் செய்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, போன் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு வாரம் என்ன, ஆறு மாதம் கேட்டிருந்தாலும் போயிருப்பேன். என் மனைவிக்கு விசாப்படி வேலைக்குப் போக அனுமதி இல்லை. அவளும் சாயங்காலங்களில் கூட வருவதாகவும், டாக்டர் அக்காவுக்கு ரசம் வைத்துக் கொடுப்பதாகவும் முடிவாயிற்று.

முதல் நாள் வாக்கரைப் பிடித்தபடி லாயத்தின் வாசல் வரை வந்து வேலையைச் சொல்லிக்கொடுத்தார். மறுநாளிலிருந்து பனி விழ ஆரம்பித்தது. அதன்பிறகு அவர் வீட்டை விட்டு இறங்கவில்லை. வேலை ரொம்பச் சுலபம். காலை ஏழு மணிக்கு முகத்துக் கயிற்றைப் பிடித்து இரண்டையும் புல்வெளியில் கொண்டுபோய் விட வேண்டும். பிளாஸ்டிக் ஸ்லெட்டில் காய்ந்த புல்கட்டை ஏற்றி இழுத்துக்கொண்டுபோய்ப் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் ஐஸை உடைக்க வேண்டும். நாலு மணிக்குத் திரும்ப லாயத்துக்குள் அழைத்து வர வேண்டும். எவ்வளவு குளிரானாலும் வெளியே விடத்தான் வேண்டும். மழை ஐஸாக விழுந்து தரை கண்ணாடியானால் மட்டும் உள்ளே நிறுத்தலாம். கடைசியாக ஒன்று சொன்னார்: "குதிரை தன் வயித்தத் திரும்பிப் பாத்துச்சுன்னா வயித்து வலின்னு அர்த்தம், எங்கிட்ட ஓடி வா. யோசிக்காத. நீ யோசிக்கற ஆளு மாதிரித் தெரியுது."

இரண்டில் ஒன்று சாம்பல் நிறத்துப் பெண் குதிரை, இளசு, திமிர். இன்னொன்று செம்பழுப்பில் கிழட்டு ஆண். நெற்றியில் வெள்ளை விழுந்து, கண்களுக்கு மேல் குழி விழுந்து, கீழுதடு தொங்கி, ரிட்டையரான தாசில்தார் ஜாடை. அதை 'அது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர் என்றுதான் கூப்பிட்டேன். கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் திருப்புவார். மனுவை வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி.

டாக்டர் அக்காவின் கணவர் அவரை விட்டுவிட்டுப் போன வருஷம், அவர் வாங்கிய குதிரைதான் பெரியவர். இதை என்னிடம் சொல்லவில்லை. ரசம் ஊற்றும்போது என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் தன்னை ஒரு கேள்வியும் கேட்காத ஒரே ஜீவன் அவன்தான் என்றாராம். அவன் நன்றாக இருக்கிறானா என்று மட்டும் தினமும் என்னைக் கேட்பார். இளசைப் பற்றிக் கேட்க மாட்டார்.

முதல் வாரம் சொன்னதைச் சொன்னபடி செய்தேன். சனிக்கிழமை பகல் முழுக்கப் பனி கொட்டியது. நாலு மணிக்குப் போனால், வெட்டவெளியின் நடுவே பெரியவர் காற்றுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தார். முதுகில் நாலு விரல் உயரத்துக்குப் பனி. புருவத்தில் பனி. மீசை ரோமம் ஒவ்வொன்றிலும் ஐஸ் முத்து. பத்தடி தள்ளிப் போட்டிருந்த புல்லைத் தேடிக்கூடப் போகாமல் நின்றார். அந்த முதுகைப் பார்த்ததும் முகத்துக் கயிற்றைப் பிடித்து அவரை முதலில் உள்ளே அழைத்து வந்தேன். திண்டுக்கல்லில் மார்கழிப் பனிக்கே மங்கி குல்லா போடாமல் பால் வாங்கப் போனதில்லை நான். தலையில் பனி இறங்கினால் என்னாகும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

அன்றைக்குத்தான் துவட்டியது.

மறுநாள் காலை பத்து டிகிரி. இந்த ஊர்க் கணக்கில் பத்து என்றால், நம் கணக்கில் பூஜ்யத்துக்கு ரொம்பக் கீழே. இளசைக் கொண்டுபோய் வெளியே விட்டேன். பெரியவருக்கு முகத்துக் கயிறு மாட்டினேன். முகத்தைப் பார்த்தேன். கழற்றிவிட்டேன். மாடத்தில் மடித்து வைத்திருந்த கம்பளிகள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தினேன். லாயத்தின் கதவு, ஜன்னல், மேலே காற்றுக்காக விட்டிருந்த பலகை, எல்லாவற்றையும் இழுத்துச் சாத்தினேன். என் மஃப்ளரை அவர் கழுத்தில் சுற்றினேன். சாம்பிராணி போடலாமா என்றும் தோன்றியது. சுற்றிலும் காய்ந்த புல் என்பதால் அந்த அளவுக்கு மட்டும் புத்தி வேலை செய்தது.

டாக்டர் அக்காவுக்குப் படி ஏற முடியாது என்பதால் கீழே முன்னறையில் கட்டிலைப் போட்டிருந்தோம். அங்கிருந்து ரோடுதான் தெரியும், புல்வெளி தெரியாது. காபி குடிக்க உள்ளே போனதும் ரெண்டும் வெளியே போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன். பெரியவருக்காகத்தானே பொய் சொல்கிறேன் என்று காபி எனக்கு நன்றாகவே இறங்கியது.

அடுத்த நாளும் அதேதான். அதற்கு அடுத்த நாளும். வெளியே இளசு வேலியோரம் வந்து நின்று கனைக்கும். உள்ளேயிருந்து பெரியவர் பதில் கொடுப்பார். பாவம், பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இப்போது தெரிகிறது. என் பெயர் அதில் அடிபட்டிருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு லாயத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே மூத்திர வாடை கண்ணைக் கரித்தது. காலையில் வைத்த புல் வைத்தபடி இருந்தது. வாளியில் தண்ணீரும் வைத்தபடி. மேலே ஐஸ் ஆடை கட்டியிருந்தது. பெரியவர் படுத்திருந்தார். கழுத்தை வளைத்து, யாரோ அங்கிருந்து கூப்பிட்டதுபோல், தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசிக்கவில்லை. ஓடினேன்.

முன்னறையில் என் மனைவி தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் வயிற்றைப் பார்க்கிறார் என்றேன். டாக்டர் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு எப்ப வெளிய விட்ட?"

பொய் சொல்லப் பழகியிருந்த வாய் திறந்தது, மூடிக்கொண்டது. "மூணு நாளா விடலக்கா. குளிருமேன்னு..."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த முகத்தில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. தினமும் மனிதர்களை மயங்கவைத்து எழுப்புகிற ஒரு டாக்டரின் முகத்தில் அப்படிப் பயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. போனை எடுத்துக் குதிரை வைத்தியரைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்றும், அதுவரை குதிரையைப் படுக்கவிடாமல் நடத்தும்படியும், குடித்தால் தண்ணீர் கொடுக்கும்படியும் சொன்னாராம். போனை வைத்துவிட்டு டாக்டர் அக்கா என்னைப் பார்த்து, "ஸ்லெட்டை எடுத்துட்டு வா," என்றார். "அப்படியே மாடத்துல இருக்கற ஸ்டெதஸ்கோப்பையும்."

புல் இழுக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்லெட்டில், மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு அவர் உட்கார, பனியில் நான் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தேன். வேறொரு நாளாக இருந்தால், குதிரைகளுக்கு எதிரில் ஒரு மனிதன் வண்டி இழுப்பதைப் பற்றி நானே பத்து ஜோக் சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

மூன்று கம்பளிகளையும் உருவினோம். அடியில் அவர் உடம்பு நசநசவென்று வேர்த்திருந்தது. குளிரும் என்று நான் போர்த்தியவர் உள்ளே புழுங்கியிருக்கிறார். இருவருமாகத் தட்டி, கெஞ்சி, அதட்டி எழுப்பி நிறுத்தினோம். டாக்டர் அக்கா ஒரு கையால் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, பெரியவரின் விலாவுக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இடது பக்கம். பிறகு என் தோளைப் பிடித்து நொண்டி நொண்டி வலது பக்கம். குதிரையின் வயிறு எந்நேரமும் இடி உருள்வது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம்.

"கேக்குதாக்கா?"

"உம்பட பல்லு அடிக்கறதுதான் கேக்குது. பேசாம இரு."

இரண்டாம் தடவை வைத்துப் பார்த்துவிட்டு, லேசாக இருக்கிறது, ரொம்ப லேசாக, என்றார். நடக்காமல் நின்றதும் தண்ணீர் குடிக்காததும் சேர்ந்து உள்ளே இறுகிவிட்டது. வாளியை முன்னால் நீட்டினேன். ஐஸை உடைத்த தண்ணீரில் மூக்கை வைத்துவிட்டுப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது வாசலில் என் மனைவி நின்றாள். ஒரு கையில் சாம்பார் வாளி, இன்னொரு கையில் டாக்டர் அக்காவின் பெரிய பிரஷர் குக்கர். இரண்டிலும் ஆவி பறந்தது. "இந்தக் குளிர்ல ஐஸ் தண்ணியக் குடுத்தா யாருங்க குடிப்பா? நான் குடிப்பேனா?" என்றாள். குதிரையின் வாளியில் பாதியைக் கொட்டிவிட்டு வெந்நீரை ஊற்றிக் கலந்தாள். ஒரு கை கல்லுப்பு போட்டாள். பிறகு ஸ்வெட்டர் கையைச் சுருட்டி, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் செய்வதுபோல, முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாள். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. எங்கே கற்றுக்கொண்டாளோ.

பெரியவர் மூக்கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவர் கழுத்துக்குள் தண்ணீர் மடக்கு மடக்காக ஏறுவதை நாங்கள் மூன்று பேரும் எண்ணிக்கொண்டு நின்றோம். பதினொன்று. டாக்டர் அக்கா என் மனைவியின் கையைப் பிடித்து, "நீ இன்னும் கொதிக்க வெய்யி கண்ணு," என்றார்.

நான் பெரியவரைப் புல்வெளிக்கு நடத்திக்கொண்டு போனேன். பனி மெல்ல விழ ஆரம்பித்திருந்தது. மூன்று நாளாக மூடிய அறையில் இருந்தவர், வெளியே வந்ததும் மூக்கை உயர்த்தி ஒரு மூச்சு இழுத்தார் பாருங்கள், அதில் என் வெட்கம் முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. இளசு ஓடி வந்து மறுபக்கம் சேர்ந்துகொண்டது. என்னை ஒருமுறை தோளால் இடித்தது. நியாயம்தான். மூன்று பேருமாக வட்டம் சுற்றினோம். அவரிடம் என்னென்னவோ பேசினேன். திண்டுக்கல் வண்டியைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பின்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன், உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்று. ஒரு காதைத் திருப்பினார்.

வைத்தியர் அம்மாள் இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வெதுவெதுப்பான தண்ணீரும் எண்ணெயும் இறக்கினார். வாளியைத் தொட்டு நக்கிப் பார்த்து, உப்பும் சுடுதண்ணீரும் யார் யோசனை என்று இங்கிலீஷில் கேட்டார். என் மனைவி பயந்துகொண்டே கையைத் தூக்கினாள். சரியான வேலை என்றார். கதவை ஜன்னலை எல்லாம் சாத்தியது யார் என்று கேட்கவில்லை. டாக்டர் அக்காவும் சொல்லவில்லை. இனி வெளியே விட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள், லத்தி போட்டால் தப்பித்தான், போடாவிட்டால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, ஒரு டாக்டர், ஒரு கம்ப்யூட்டர் என்ஜினியர், ஒரு எம்.காம். பட்டதாரி, மூன்று பேரும் லாயத்து வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு குதிரையின் வாலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பெரியவருக்குப் போர்த்திய மூன்று கம்பளியும் இப்போது ஸ்லெட்டில் உட்கார்ந்திருந்த டாக்டர் அக்காவின் மேல். என் மங்கி குல்லாவையும் அவர் தலையில் மாட்டியிருந்தேன். மறுக்கிற நிலைமையில் அவர் இல்லை. பெரியவரின் முதுகில் பனி சேரத் தொடங்கியது. ஒரு விரல், இரண்டு விரல். என் கை தானாகத் தோளிலிருந்த துண்டுக்குப் போனது.

"தொடாத," என்றார் டாக்டர் அக்கா. "அந்தப் பனி ஏன் உருகல, சொல்லு பாப்போம்."

தெரியாது என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார். குளிர்காலத்து ரோமம் நிமிர்ந்து நின்று உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு வெளியே கசிந்தால்தான் பனி உருகும். உருகாமல் நிற்கிறது என்றால் உள்ளே கதகதப்பாக இருக்கிறான் என்று அர்த்தம். நான் துவட்டியது, அழுத்தித் துவட்டி அந்த ரோமத்தைப் படியவைத்தது, அதெல்லாம்தான் அவனுக்குக் குளிர்.

துவட்டியது இவருக்கு எப்படித் தெரியும் என்று என் மனைவியைப் பார்த்தேன். அவள் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னையும் வந்த வருஷம் இவரு இப்படித்தாங்கக்கா வெச்சிருந்தாரு," என்றாள். "நவம்பர்ல ஜன்னல சாத்துனவரு மார்ச்லதான் தெறந்தாரு. மூணு ஸ்வெட்டரு. நாங்கூட வயித்தத் திரும்பித் திரும்பிப் பாத்தேன், இவருதான் கவனிக்கல."

டாக்டர் அக்கா சிரித்தார். குல்லாவுக்குள்ளிருந்து வந்த அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. பெரியவர் பின்னங்கால்களைக் கொஞ்சம் அகட்டினார். வாலைத் தூக்கினார்.

வெள்ளைப் பனியில் ஆவி பறக்க விழுந்தது. ஒன்று, இரண்டு, பிறகு மளமளவென்று. அவ்வளவு அழகான காட்சியை அமெரிக்காவில் அதற்கு முன்னால் நான் பார்த்திருக்கவில்லை. நயாகராவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெரியவர் ஒன்றுமே நடக்காததுபோல நாலு அடி தள்ளிப் போய்ப் புல்லில் வாயை வைத்தார்.

டாக்டர் அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினேன். கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, முகர்ந்து பார்த்துவிட்டு, குதிரை வாசம் அடிக்கிறது என்றார். மறுபடியும் அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவரை ஸ்லெட்டில் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனோம். கயிற்றின் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் என் மனைவி. திரும்பிப் பார்த்தேன். இரண்டு குதிரைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, முதுகில் பனியோடு, காற்றுக்குப் பின்புறம் காட்டி நின்றன. இன்றைக்கு அவை அங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் அக்கா சொல்லியிருந்தார். எனக்கு உள்ளங்கை அரித்தது. ஒன்றும் செய்யவில்லை.

அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, மாவுக்கட்டுக்குக் கீழே தலையணை வைத்து, ஆறிப்போன ரசத்தை என் மனைவி சுடவைத்துக் கொடுத்தாள். நான் வாசலில் செருப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். மூன்று நாள் பொய் சொன்னவனுக்கு அதற்குமேல் உள்ளே வரக் கால் வரவில்லை. வேறு நல்ல ஆள் கிடைக்கும்வரை என்று ஆரம்பித்து, என் தப்புதான் என்று இழுத்து, கடைசியில் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"நாளைக்கு நான் வரட்டுமாக்கா?"

ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"ஏழு மணிக்கு வா, துண்ட ஊட்லயே வெச்சுட்டு வா."